ரெண்டாவது தடவை வரும் வைஃபை: தொடக்க நேரக் கோளாறுகளின் ஒரு சிறு வரலாறு

கணினிக் கோளாறுகளில் என்னை அதிகம் இழுப்பது "சில சமயம்" என்ற சொல்லோடு வரும் வகைதான். "வைஃபை வரல" என்று ஒருவர் சொன்னால் அது சாதாரணக் கோளாறு. எதையோ மாற்றினால் சரியாகிவிடும். "சில சமயம் வரல, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடுது" என்று சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். எந்தப் பாகமும் கெட்டுப்போகாமல், எந்த வரியிலும் எழுத்துப்பிழை இல்லாமல், எல்லாம் நன்றாக இருந்தும் வேலை நடக்காத ஒரு நிலை அது. யார் முதலில் வந்தார் என்பதில் மட்டுமே கோளாறு இருக்கும்.

இதை ஆங்கிலத்திலிருந்து வந்த பெயரில் ரேஸ் கண்டிஷன் என்கிறோம். என் நோட்டில் "முந்தல் கோளாறு" என்று எழுதி வைத்திருக்கிறேன். கணினிகள் இன்னும் வீட்டுக்கு வராத காலத்திலேயே இந்தச் சொல் இருந்தது. 1954-ல் டேவிட் ஹஃப்மன் தன் முனைவர் பட்ட ஆய்வில், மின்சுற்றுகளில் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடந்து எது முந்துகிறதோ அதைப் பொறுத்து முடிவு மாறும் நிலையை இந்தச் சொல்லால் குறித்தார். எழுபது வருஷம் ஆகியும் அது ஒழியவில்லை. அதிலும் கணினி எழுந்திருக்கும் அந்த முதல் சில வினாடிகளில் வரும் முந்தல் கோளாறுதான் கண்டுபிடிக்க மிகவும் கஷ்டமானது. இந்தக் கட்டுரை அதைப் பற்றி, குறிப்பாக வைஃபை டிரைவர்களில் அது எப்படி வந்தது என்பதைப் பற்றி.

ஜூன் 12 என்கிற நம்பிக்கை

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க நான் கணினியிலிருந்து தொடங்குவதில்லை. மேட்டூரிலிருந்து தொடங்குவேன்.

மேட்டூர் அணை 1934-லிருந்து இருக்கிறது. குறுவைக்கு அணை திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. திறந்த தண்ணீர் சில நாளில் கல்லணைக்கு வரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அதற்கு முன்னாடி வாய்க்கால்களைத் தூர்வாரி முடிக்க வேண்டும். தூர்வாருவதற்கும் தண்ணீர் திறப்பதற்கும் இடையில் ஒரு வரிசை இருக்கிறது. ஆனால் அந்த வரிசையை எது காப்பாற்றுகிறது? "கடைசி வாய்க்கால் தயார்" என்று சொன்ன பிறகு மதகைத் தூக்குவது ஒரு முறை. "எப்படியும் ஜூன் 12-க்கு முன்னாடி வராது" என்று நம்புவது இன்னொரு முறை. நடைமுறையில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

2022-ல் மழை நன்றாகப் பெய்து அணை நிரம்பியிருந்ததால் மே 24-ம் தேதியே மேட்டூர் திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் தடவை. தண்ணீர் சீக்கிரம் வந்தது விவசாயிக்கு நல்ல சேதிதான். ஆனால் ஜூன் 12-ஐ மனதில் வைத்துப் போட்ட எல்லாத் திட்டத்திலும் பத்தொன்பது நாள் குறைந்துபோனது.

கவனிக்க வேண்டியது இது. யாரும் தவறு செய்யவில்லை. ஒரு பக்கம் வேகமாக வந்தது, அவ்வளவுதான். வரிசையை இதுவரை காப்பாற்றி வந்தது விதி அல்ல, தாமதம். தாமதம் குறைந்த அன்றைக்குத்தான் விதி இல்லை என்பதே தெரிகிறது. கணினியின் தொடக்க நேரக் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியம் பொருந்தும்.

கொலம்பியா, 1981

இந்த வகையில் உலகமே பார்த்த ஒரு கோளாறு 1981 ஏப்ரல் 10 அன்று நடந்தது. கொலம்பியா விண்ணோடம் முதல் முறையாகப் புறப்பட இருந்த நாள். அதில் ஐந்து கணினிகள். நான்கில் ஒரே மென்பொருள். ஐந்தாவது மாற்றுக் கணினி, வேறு ஆட்கள் தனியாக எழுதிய மென்பொருளோடு. நான்கும் சேர்ந்து கோட்டை விட்டால் ஐந்தாவது கைகொடுக்க வேண்டும். புறப்பட இருபது நிமிஷம் இருக்கும்போது ஐந்தாவது கணினி மற்ற நான்கோடு ஒத்திசைய மறுத்தது. அன்றைக்குப் பயணம் ரத்து. இரண்டு நாள் கழித்து ஏப்ரல் 12-ம் தேதிதான் கிளம்பியது.

காரணத்தை அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த ஜான் கார்மன் அதே வருஷம் ஒரு கட்டுரையில் எழுதினார். கணினிகளை முதன்முதலில் ஆன் செய்யும் தருணத்தில் ஒரு மிகச் சிறிய ஜன்னல் இருந்தது. முதல் கணினி அந்த ஜன்னலுக்குள் எழுந்தால் அதன் சில வேலைகள் மற்றவற்றைவிட ஒரு சுற்று முன்னதாக ஓடும். நான்கும் ஒன்றையொன்று பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்வதால் அவற்றுக்குள் பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஐந்தாவது கணினிக்கு மட்டும் அது பொருந்தாத சத்தமாகத் தெரிந்தது, கேட்பதை நிறுத்திவிட்டது. இது நடக்கும் வாய்ப்பு 67-ல் ஒன்று. பல மாதங்களுக்கு முன்னால் ஒரு தாமத அளவைச் சற்றே மாற்றியபோது இந்த ஜன்னல் திறந்திருக்கிறது.

ஆன் செய்தது புறப்பாட்டுக்குச் சுமார் முப்பது மணி நேரம் முன்பு. தெரிந்தது கடைசி இருபது நிமிஷத்தில். பிறகு என்ன செய்தார்கள்? அணைத்து மறுபடி ஆன் செய்தார்கள். சரியாகிவிட்டது. நம்மூர்ச் சேவை மையத்தில் செய்யும் அதே வைத்தியம்தான். ஒரு வித்தியாசம்: நாசாவில் அதற்கு முன்னால் ஏன் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

வரிசை எண்கள் போன காலம்

இனி வைஃபைக்கு வரலாம். அதற்கு முன் லினக்ஸ் எப்படி எழுந்திருக்கும் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பழைய லினக்ஸில் தொடக்க வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருந்தது. பத்தாம் எண் முடிந்த பிறகு பதினொன்று, அதற்குப் பிறகு பன்னிரண்டு. ரேஷன் கடை க்யூ மாதிரி. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் வரிசை மாறாது. டிரைவர் எழுதுபவரும் மென்பொருள் எழுதுபவரும் இந்த மெதுவான வரிசையைத் தங்களுக்கே தெரியாமல் நம்பிப் பழகிவிட்டார்கள்.

2008 செப்டம்பரில் லினக்ஸ் ப்ளம்பர்ஸ் மாநாட்டில் இன்டெல்லைச் சேர்ந்த அர்ஜன் வான் டி வென், ஆக்கே காக் இருவரும் ஒரு மலிவான சின்ன ஆசுஸ் மடிக்கணினியை ஐந்து வினாடியில் எழுப்பிக் காட்டினார்கள். அப்போது அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் என்பதெல்லாம் சாதாரணம். அவர்கள் செய்ததில் முக்கியமானது, ஒன்றன் பின் ஒன்றாக நடந்தவற்றைச் சேர்ந்தாற்போல் ஓட விட்டது. 2009-ல் கர்னலுக்குள்ளேயே இதற்கான வசதி சேர்ந்தது. 2010 ஏப்ரல் 30 அன்று லெனார்ட் போட்டரிங் சிஸ்டம்-டி பற்றிய தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். 2011-ல் ஃபெடோரா 15 அதை ஏற்றது. 2015-ல் டெபியனும் உபுண்டுவும் அந்த வழிக்கு வந்தன. எண் வரிசை போய், யார் யாரை நம்பியிருக்கிறார்களோ அதை எழுதி வைக்கும் முறை வந்தது. எழுதி வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதாமல் வெறும் தாமதத்தை நம்பியிருந்தவர்களுக்கு மேட்டூர் மே மாதம் திறந்துவிட்டது.

இதில் வைஃபை டிரைவர்கள் மற்றவர்களைவிட அதிகம் அடிபட்டதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பெரும்பாலான வைஃபை சில்லுகளுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. கரண்ட் வந்த நிமிஷத்தில் அவை வெறும் சிலிக்கான். உள்ளே ஓட வேண்டிய நிரல், அதாவது ஃபர்ம்வேர், கணினியின் வட்டில் ஒரு கோப்பாக இருக்கும். ஒவ்வொரு முறையும் டிரைவர் அதை எடுத்துச் சில்லுக்குள் ஏற்ற வேண்டும். ஆக வைஃபை எழுந்திருக்க மூன்று பேர் வந்திருக்க வேண்டும்: சில்லு, டிரைவர், ஃபர்ம்வேர் கோப்பு இருக்கும் வட்டு. மூன்றும் தனித்தனி வேகத்தில் வருபவை.

2003-ல் மானுவல் எஸ்ட்ராடா சைன்ஸ் இதற்காகக் கர்னலில் ஒரு பொதுவழி எழுதினார். டிரைவர் "எனக்கு இந்தக் கோப்பு வேண்டும்" என்று கேட்கும். கர்னல் தானே கோப்பைத் தேடாது. வெளியில் இருக்கும் ஒரு உதவி நிரலிடம் சொல்லும். பின்னாளில் அந்த வேலை யூ-டெவ் என்ற நிரலுக்குப் போனது. அது கோப்பை எடுத்துக் கொடுக்கும்வரை டிரைவர் காத்திருக்கும். காத்திருக்கும் கெடு பல வருஷம் 60 வினாடியாக இருந்தது.

இந்த அறுபது வினாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு சுற்றுவழி, மெதுவான வழி. ஆனால் அதற்குள் ஒரு கருணை இருந்தது. வட்டு இன்னும் வராவிட்டாலும் கேள்வி கேட்கப்பட்டபடியே நிற்கும். வட்டு வந்து, யூ-டெவ் எழுந்து, நிலுவையில் இருக்கும் கேள்விகளைப் பார்த்துப் பதில் சொல்லும். முந்தி வந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம்.

2012-ல் நடந்த சண்டை

2012-ல் யூ-டெவ் சிஸ்டம்-டியோடு இணைந்தது. அதே காலத்தில் அது நிகழ்வுகளைக் கையாளும் விதமும் மாறியது. விளைவு விசித்திரமானது. யூ-டெவ் ஒரு டிரைவரை ஏற்றும். அந்த டிரைவர் ஏறும்போதே ஃபர்ம்வேர் கேட்கும். அந்தக் கேள்வி யூ-டெவ்வுக்கே வரும். யூ-டெவ்வோ "முதல் வேலை முடியட்டும், அப்புறம் இது" என்று நிறுத்தி வைக்கும். முதல் வேலை அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் முடியாது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கெடு முடியும்வரை நிற்பார்கள்.

தொலைக்காட்சி, வீடியோ டிரைவர்களைப் பராமரித்த மௌரோ கர்வால்யோ செஹாப் இதைக் கர்னல் ஆட்களிடம் எடுத்துச் சொன்னார். யூ-டெவ் தரப்பில் கே சீவர்ஸின் வாதம்: டிரைவர்கள் ஏறும்போதே ஃபர்ம்வேருக்காக நின்றுகொண்டிருப்பதுதான் தப்பு, அவற்றைத் திருத்துங்கள். லினஸ் டோர்வால்ட்ஸின் வாதம்: நேற்றுவரை வேலை செய்ததை உடைத்துவிட்டு, உடைந்தவன் மேல் குற்றம் சொல்லாதே. லினஸ் கோபப்பட்டால் எப்படி எழுதுவார் என்பது தெரிந்ததே. ஆனால் கோபத்தோடு நிற்கவில்லை. கர்னலே நேராக வட்டிலிருந்து ஃபர்ம்வேர் கோப்பைப் படிக்கும் வழியைப் போட்டார். அது 2012 டிசம்பரில் வந்த கர்னல் 3.7-ல் சேர்ந்தது. 2014-ல் சிஸ்டம்-டி 217 வந்தபோது யூ-டெவ் ஃபர்ம்வேர் கொடுக்கும் வேலையையே விட்டுவிட்டது.

யார் சொன்னது சரி? இரண்டு பேர் சொன்னதிலும் சரி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. நேர்வழி வேகமானது, எளிமையானது, கோடிக்கணக்கான கணினிகளில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் சுற்றுவழி போனபோது திண்ணையும் போய்விட்டது. இப்போது டிரைவர் கோப்பைக் கேட்கும் நொடியில் கோப்பு இருந்தால் உண்டு. இல்லையென்றால் "மைனஸ் 2, அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று உடனே பதில் வரும். அறுபது வினாடி காத்திருப்பு இல்லை, மறு வாய்ப்பும் இல்லை.

அதே 2012-ல் வேறொரு நல்ல யோசனையும் கர்னலில் வந்தது. கிராண்ட் லைக்லி எழுதியது. ஒரு டிரைவர் தனக்கு வேண்டிய இன்னொரு சாதனம் இன்னும் வரவில்லை என்று கண்டால் தோல்வி என்று சொல்லாமல் "இப்போ வேண்டாம், அப்புறம் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு விலகலாம். கர்னல் அதைப் பட்டியலில் வைத்துக்கொண்டு பிறகு மறுபடி கூப்பிடும். முந்தல் கோளாறுக்குச் சரியான மருந்து இந்த வகைதான். "கொஞ்சம் பொறு" என்பது மருந்தல்ல. "இன்னது வந்தால் கூப்பிடு" என்பதே மருந்து.

தேனியில் கரண்டுதான் குற்றவாளி

இதுவரை படித்தவர்கள், "சரி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்தா எல்லாமே முந்தல் கோளாறுதான்" என்று முடிவுகட்டக் கூடாது. தமிழ்நாட்டிலேயே அதற்கு நேர் எதிரான, நன்றாகப் பதிவான ஒரு உதாரணம் இருக்கிறது.

2000-களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து டியர் ஆய்வுக்குழுவும் சேர்ந்து தேனியில் ஒரு வேலை செய்தன. சுற்றியுள்ள ஊர்களின் சிறிய கண் பரிசோதனை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு நீண்ட தூர வைஃபையால் இணைத்தார்கள். நோயாளி தன் ஊர்ப் பக்கத்து மையத்தில் உட்கார்ந்து வீடியோ வழியாக டாக்டரிடம் பேசலாம். வீட்டுக்குள் சில அடிக்கு என்று வடிவமைத்த வைஃபையைப் பல கிலோமீட்டருக்கு நீட்டியபோது அது தடுமாறியது. காரணம், வைஃபையின் பேச்சு முறையே குறுந்தூரத்தை நம்பியிருக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் "கிடைத்தது" என்ற பதில் உடனே வர வேண்டும். பேசுவதற்கு முன் மற்றவர் பேசுகிறாரா என்று கேட்க வேண்டும். தூரத்தில் இரண்டும் பிசகும். ரபின் பத்ரா, செர்ஜியு நெதெவ்ஸ்கி முதலானவர்கள் டிரைவரை மாற்றி, யார் எப்போது பேசுவது என்று நேரம் பிரித்துக் கொடுத்தார்கள். நம்மூர் முறைப் பாசனம்தான். இவ்வளவு நேரம் உனக்கு, இவ்வளவு நேரம் எனக்கு. வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது. இது 2007-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

எனக்கு முக்கியமானது அடுத்த வருஷம் வந்த கட்டுரை. சோனேஷ் சுரானா, எரிக் புரூவர் முதலானவர்கள் எழுதியது. இணைப்பைப் போட்ட பிறகு அதை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதுதான் விஷயம். ரவுட்டர்கள் எழுந்திருக்காமல் பாதியில் மாட்டிக்கொண்டன. நினைவக அட்டைகள் கெட்டன. மென்பொருளைச் சந்தேகிக்க எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவர்கள் கரண்டை அளந்து பார்த்தார்கள். சில சமயம் 70 வோல்ட்டுக்குக் கீழே, சில சமயம் 350-க்கு மேலே, ஆயிரம் வோல்ட்வரை திடீர்த் துள்ளல்கள். அவர்கள் சந்தித்த கோளாறுகளில் சுமார் 90 சதவீதம் தரமற்ற மின்சாரத்தால் வந்தவை. கரண்ட் அடியோடு இல்லாவிட்டால் ரவுட்டர் சும்மா இருக்கும். அரைகுறையாக வந்தால் எழுந்திருக்க முயன்று பாதியில் மாட்டிக்கொள்ளும். மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் துண்டித்துவிடும் கருவியும், மாட்டிக்கொண்ட ரவுட்டரைத் தானாகத் தட்டி எழுப்பும் காவல் கடிகாரமும் வைத்த பிறகு நிலைமை மாறியது.

அதாவது வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றேதான்: கரண்ட் போய் வந்தால் வைஃபை வரவில்லை, மறுபடி ஆன் செய்தால் வருகிறது. தேனியில் காரணம் கரண்ட். டெல்டாவில் நான் பார்த்த ஒரு கணினியில் காரணம் வேறு.

பாபநாசம் பக்கத்து மையம்

பாபநாசம் பக்கம் ஒரு கணினிச் சேவை மையம். நடத்தும் தம்பி எனக்குப் பழக்கம். ஒரே ஒரு பழைய மேசைக் கணினி, லினக்ஸ், பின்னால் ஒரு யூஎஸ்பி வைஃபை குச்சி. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமான கடைசித் தேதி நவம்பர் 15. அந்த வாரம் வடகிழக்குப் பருவமழையும் உச்சத்தில் இருக்கும். கரண்ட் போவதும் வருவதும் சகஜம். அடங்கலும் ஆதாரும் பாங்க் பாஸ்புக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஆட்கள் வாசலில் நிற்கும்போது கணினி எழுந்திருக்கும், வைஃபை எழுந்திருக்காது. கடைசித் தேதியின் சாயங்காலம் பத்து நிமிஷம் போவது என்பது ஒருவருடைய ஒரு போகம்.

"கரண்டு போயிட்டு வந்தா வராதுண்ணே. மறுபடி ஷட்டவுன் போட்டு ஆன் பண்ணா வந்துரும். இல்லன்னா குச்சிய புடுங்கிச் சொருவணும்" என்றான் தம்பி. இதற்குள் அவன் இரண்டு குச்சி மாற்றியிருந்தான். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கியிருந்தான். முன்னால் வந்த ஒருவர் கணினி எழுந்து பத்து வினாடி கழித்து நெட்வொர்க்கை மறுபடி தொடங்கும்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தார். எதிலும் பலன் இல்லை.

அவன் சொன்ன இரண்டு வாக்கியத்திலேயே தடயம் இருந்தது. "ஷட்டவுன் போட்டு" என்றான். நேராக ஸ்விட்சை அணைத்துப் போட்டால்? யோசித்துப் பார்த்து, "அப்பவும் வராது" என்றான். ஆக அழுத்தம் ஏறி இறங்குவது விஷயம் இல்லை. ஒழுங்காக அணைத்தோமா, பட்டென்று அணைந்ததா என்பதுதான் விஷயம்.

கர்னல் லாக்கில் இரண்டு தொடக்கங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். ஒழுங்காக அணைத்த பிறகு எழுந்தபோது முதலில் வட்டு தயார், ஒரு வினாடி சொச்சம் கழித்து யூஎஸ்பி குச்சி, உடனே ஃபர்ம்வேர் ஏற்றம், வைஃபை. பட்டென்று அணைந்த பிறகு எழுந்தபோது வட்டு தயாராகத் தாமதம். காரணம், பாதியில் நின்ற எழுத்து வேலைகளைக் கோப்பு முறைமை தன் குறிப்பேட்டைப் பார்த்து முதலில் சரிசெய்கிறது. பழைய சுழலும் வட்டு என்பதால் அதற்குச் சில வினாடி பிடிக்கிறது. குச்சியோ எப்போதும்போல் தன் நேரத்துக்கு வந்துவிடுகிறது. டிரைவர் கோப்பைக் கேட்கிறது. வட்டே இன்னும் இணையவில்லை. மைனஸ் 2. டிரைவர் கையை விரித்துவிட்டுப் போய்விடுகிறது. பத்து வினாடி கழித்து நெட்வொர்க்கைத் தட்டினால் என்ன பயன்? தட்டுவதற்கு அங்கே ஆளே இல்லை. குச்சியைப் பிடுங்கிச் சொருகினால் வருவதும் இதனால்தான்: அப்போது வட்டு இருக்கிறது, டிரைவர் புதிதாகக் கேட்கிறது.

இது கதைக்குப் பொருந்துகிறது என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. கரண்டைத் தொடாமல் அதே கோளாறை வரவழைத்துக் காட்ட வேண்டும். கர்னலுக்கு ரூட்-டிலே என்று ஒரு அமைப்பு உண்டு. வட்டை இணைக்கும் முன் இத்தனை வினாடி காத்திரு என்று சொல்லலாம். பத்து வினாடி கொடுத்தேன். ஒழுங்காக அணைத்து, கரண்ட் சீராக இருக்கும்போது எழுப்பினேன். வைஃபை வரவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். ஒரு தடவைகூட வரவில்லை. அமைப்பை எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் வந்தது. "சில சமயம்" என்பது "எப்போதும்" ஆகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி: ஏன் இப்படி அமைந்தது? சாதாரண விநியோகங்களில் வைஃபை டிரைவர் தனிக் கோப்பாக வட்டில் இருக்கும். வட்டு வந்த பிறகுதான் டிரைவரே வரும். அதனால் இந்த முந்தல் நடக்கவே வழியில்லை. இந்தக் கணினியில் யாரோ பல வருஷம் முன்னால் வேகத்துக்காகக் கர்னலைத் தாங்களே கட்டி, டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அது வேலை செய்தது. ஏனென்றால் அப்போது திண்ணை இருந்தது. டிரைவர் அறுபது வினாடிவரை காத்திருக்கும். பிறகு இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது பழைய அமைப்புக் கோப்பை அப்படியே வைத்துப் புதுக் கர்னலைக் கட்டினார்கள். உள்ளே டிரைவர் இருந்த இடம் மாறவில்லை, வெளியே திண்ணையை இடித்துவிட்டார்கள். 2012-லும் 2014-லும் எங்கோ எடுத்த முடிவு பாபநாசத்தில் காப்பீட்டு வரிசையில் வந்து நின்றது இப்படித்தான்.

திருத்தம் ஒரு எழுத்து. கர்னல் அமைப்பில் அந்த டிரைவரை "உள்ளே" என்பதிலிருந்து "தனிக் கோப்பு" என்று மாற்றிக் கட்டினேன். பிறகு ரூட்-டிலே பத்து வினாடி வைத்தும் வைஃபை வந்தது. கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டும் வந்தது. முன்னவர் எழுதிய பத்து வினாடி வரியை எடுத்துவிட்டேன்.

கரண்டைத் திட்டியவர்கள்

தம்பி கரண்டைச் சந்தேகித்ததை யாரும் முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. அவன் பார்த்த தொடர்பு உண்மை. கரண்ட் போனால்தான் கோளாறு வந்தது. ஆனால் கரண்டுக்கும் வைஃபைக்கும் நடுவில் மூன்று கண்ணி இருந்தது: பட்டென்று அணைந்தது, வட்டு தாமதமானது, டிரைவர் முந்தியது. நடுக் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாதபோது ஆள் முதல் கண்ணியின் மேல் பணத்தைக் கொட்டுகிறான். இரண்டு குச்சி, ஒரு ஸ்டெபிலைசர். சின்ன மையத்துக்கு அது சின்னச் செலவில்லை.

தேனிக்காரர்கள் செய்ததும் பாபநாசத்தில் செய்ததும் முடிவில் வேறாக இருந்தாலும் முறையில் ஒன்றுதான். இரண்டு சந்தேகம் இருந்தால், ஒன்றை அசையாமல் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் அசைத்துப் பார்ப்பது. அவர்கள் கம்பியில் வோல்ட்டை அளந்தார்கள். இங்கே கம்பியைத் தொடாமல் வட்டை மட்டும் தாமதப்படுத்த வேண்டியிருந்தது.

"சில சமயம்" கோளாறோடு யாராவது வந்தால் நான் இப்போது மூன்று கேள்வி வரிசையாகக் கேட்கிறேன். எப்படி அணைத்தீர்கள்? ரெண்டாவது தடவை எப்படி ஆன் செய்தீர்கள்? கடைசியாக எது வேகமாக மாறியது, அல்லது எது மெதுவானது? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. எது கெட்டது என்று எல்லோரும் கவனிப்பார்கள். எது சீக்கிரம் வர ஆரம்பித்தது என்று யாரும் குறித்து வைப்பதில்லை.